கமாவுக்குப் பின்னால் இருந்த பறவைகள்

ஜனவரி 11

மாப்பிள்ளைக்கு,

மூன்று வருஷமாகப் பேசாதவன் எதற்குக் கடிதம் போடுகிறான் என்று நினைப்பீர்கள். ஃபோனில் பேசினால் எனக்குக் கோபம் முந்திக்கொண்டு வரும். கடிதம் என்றால், நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா எழுதி, திரும்பப் படித்துக் காட்டுவதற்குள் பாதி ஆறிவிடும். எனக்குத்தான் எழுத்து வாசனையே கிடையாதே. பேசுகிறபடியே எழுதுங்கள் என்றேன். "அப்படியே எழுதினா படிக்கிறவங்க என்னைத்தான் திட்டுவாங்க" என்று அவர் என் பேச்சைத் துவைத்துத் தேய்த்து எழுதுகிறார்.

ஏரிகளைக் கவனிக்கிற அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. முப்பத்தொரு வருஷமாகப் பறவைகள் வருகிற காலத்தில் தினமும் காலையில் கோபுரத்தின் இருபத்திரண்டு படியும் ஏறி, ஏரியில் எத்தனை என்று எண்ணி, ஏழு மணிக்கு அவர்களுக்கு ஃபோனில் சொல்கிறவன் நான். நான் சொன்ன கணக்கையே எனக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். போன அக்டோபர் இருபத்தேழாம் தேதி 980 பறவைகள். இருபத்தெட்டாம் தேதி 1. இந்த ஜனவரி ஐந்தாம் தேதி 12. "ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கணக்கில் வரும் பறவைகள் சில நாட்களிலேயே அகன்றுவிடுவதால், நீர் கெட்டுவிட்டதெனக் கருதி, இந்த ஏரியைக் காப்புப் பட்டியலிலிருந்து நீக்குவது குறித்து பிப்ரவரி 28 கூட்டத்தில் முடிவு செய்யப்படும்." தையல்காரம்மா இதை மூன்று தடவை படித்தார். பட்டியலை விட்டு எடுத்துவிட்டால் மறுமாதமே லாரியில் மண் வரும். மேற்கே ஒரு ஏரிக்கு அப்படித்தான் வந்தது. அங்கே இப்போது கிடங்கு நிற்கிறது.

இருபத்தெட்டாம் தேதி நான் சொன்னது ஆயிரத்து நாற்பது. ஜனவரி ஐந்தாம் தேதி சொன்னது பன்னிரண்டாயிரத்து நானூற்று ஐம்பது.

ஒரே ராத்திரியில் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது பறவை எங்கே போகும்? மிச்சம் இருந்ததாகச் சொல்கிற அந்த ஒன்று எது? நேற்று அது என் கனவில் வந்தது. ஏரி இருக்கிற இடத்தில் ஏரி இல்லை, வெறும் வெள்ளைப் பனி. அதன் நடுவே அது மட்டும் மிதந்துகொண்டு, "மத்தவங்கல்லாம் எங்கே?" என்று என்னைக் கேட்கிறது. 

நீங்கள் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவர். இது எப்படி ஆகும் என்று மட்டும் சொல்லுங்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவள் சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
அவளுடைய அப்பா


ஜனவரி 19

மாமாவுக்கு,

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், அவள் சௌக்கியம். உறையைப் பார்த்ததும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். தன் பெயர் அதில் இல்லை என்று தெரிந்ததும் திரும்பிப் போய்விட்டாள்.

அந்த அட்டவணையைச் செய்து கொடுத்தது எங்கள் நிறுவனம்தான். அதில் என் கையும் உண்டு. நாற்பத்துமூன்று ஏரிகளின் பழைய பதிவேடுகளை எல்லாம் தட்டச்சு செய்து கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தோம். போன வருஷம் முழுக்க எனக்கு அதுதான் வேலை. இதுவரை யாரும் குறை சொல்லவில்லை. கம்ப்யூட்டர் தானாக எண்களைக் குறைக்காது மாமா. கொடுத்ததைத்தான் எடுத்துக்கொள்ளும். குமாஸ்தா தவறாகத் தட்டியிருக்கலாம். அல்லது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பனியில் கட்டைவிரலை நீட்டிப் பறவை எண்ணுவதில் கூடக்குறைய வரத்தான் செய்யும்.

மூன்று வருஷத்துக்கு முன் நீங்கள் இங்கே வந்திருந்தபோது, சாப்பாட்டு மேசையில் "கனவுல எண்ணுனீங்களா மாமா?" என்று நான் கேட்டது விளையாட்டுக்கு. நீங்கள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவீர்கள் என்று நினைக்கவில்லை. அன்று முதல் இந்த வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

நேரம் கிடைக்கும்போது பார்க்கிறேன்.

உங்கள் மாப்பிள்ளை


ஜனவரி 27

மாப்பிள்ளைக்கு,

நேரம் கிடைக்கும்போதா? கூட்டத்துக்கு முப்பத்திரண்டு நாள் இருக்கிறது.

கட்டைவிரல் என்றால் உங்களுக்கு இளக்காரம். கேளுங்கள். கையை முழுக்க நீட்டி ஒரு கண்ணை மூடினால், எதிர்க்கரையில் என் நகம் மறைக்கிற இடத்தில் நூறு பறவை இருக்கும். முதல் வருஷம் ஒவ்வொன்றாக எண்ணி எண்ணி, நகத்தோடு ஒப்பிட்டுத்தான் அந்த நூறை முடிவு செய்தேன். ஒரு நகம் நகர்ந்தால் சட்டையின் வலது பையிலிருந்து ஒரு பொத்தான் இடது பைக்குப் போகும். பொத்தான் தையல்காரம்மா கொடுத்தது. நூறு சேராமல் கடைசியில் நிற்கிறவற்றைத் தனித்தனியாக எண்ணுவேன். ஜனவரி ஐந்தாம் தேதி நூற்று இருபத்து நான்கு பொத்தான், அதற்கு மேல் ஐம்பது. கனம் தாங்காமல் இடது பை கிழிந்து பொத்தான் எல்லாம் படியில் உருண்டது. பன்னிரண்டு பறவைக்குப் பை கிழியுமா?

(கிழிந்தது நிஜம். தைத்துக் கொடுத்தது நான்தான் — தையல்காரி.)

இன்னொன்று. பக்கத்துக் குட்டைக்கு எண்ணூற்று அறுபது என்று போட்டு, செழிப்பான நீர்நிலை என்று பாராட்டியிருக்கிறார்களாம். அந்த எண்ணூற்று அறுபது சரி. என்னுடைய தொள்ளாயிரத்து எண்பதும் சரி. நூறு நூறாக ஒழுங்காக வாங்கிக்கொண்டு வருகிற உங்கள் மிஷின், ஆயிரம் என்றதும் ஏன் ஒன்றாக்குகிறது? பன்னிரண்டாயிரம் ஏன் பன்னிரண்டாகிறது? பதிமூன்றாகவில்லை, பதினொன்றாகவில்லை. நான் படிக்காதவன். எனக்கே அதில் ஒரு வரிசை தெரிகிறது.

அவளுடைய அப்பா


பிப்ரவரி 3

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மத்தியானம் அலுவலகத்தில் படித்தேன். டிபன் டப்பாவைத் திறந்து வைத்தவன் அப்படியே மூடிவிட்டேன்.

தப்பு என்னுடையது. குமாஸ்தாவுடையதில்லை, பனியுடையதில்லை, உங்கள் நகத்துடையதும் இல்லை.

குமாஸ்தா 12,450 என்று சரியாகத்தான் தட்டியிருக்கிறார். படிக்க வசதியாக நடுவில் ஒரு கமா. நமக்கு அது எண். கம்ப்யூட்டருக்கு அது வெறும் எழுத்து வரிசை. ஆறு அடையாளங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, அவ்வளவுதான். அதை எண்ணாக மாற்ற ஒரு வரி எழுத வேண்டும். நான் எழுதிய வரி இடது ஓரத்திலிருந்து பார்க்கும். ஒன்று, எண்தான், எடுத்துக்கொள். இரண்டு, எண்தான், எடுத்துக்கொள். அடுத்து கமா. இது எண் இல்லையே என்று அங்கேயே நின்றுவிடும். கையில் இருப்பது பன்னிரண்டு. 450 கமாவுக்குப் பின்னால் அப்படியே நிற்கும். அதனால் ஆயிரத்துக்குக் கீழே உள்ள ஏரிகள் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. பறவை அதிகமாக வந்த ஏரிகள்தான் செத்துவிட்டன.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. இதைச் செய்ய இரண்டு வழி உண்டு. ஒரு வழியில், எண் அல்லாதது ஒன்று நடுவில் வந்தால் கம்ப்யூட்டர் வேலையை நிறுத்திக் கத்தும். இன்னொன்றில் கத்தாது, கிடைத்தவரை எடுத்துக்கொண்டு போய்விடும். முதல் வழியில்தான் ஆரம்பித்தேன். கத்திக்கொண்டே இருந்தது. வேலையை முடித்துக் கொடுக்கச் சொல்லி மேலே நெருக்கினார்கள். கத்தாததை எடுத்துப் போட்டேன். எதற்காகக் கத்துகிறது என்று திறந்து பார்க்கவில்லை.

சரி செய்துவிடுகிறேன். கமாவை முதலில் அழித்துவிட்டு அப்புறம் மாற்றச் சொன்னால் போதும். யாருக்கும் தெரியாமலே முடிந்துவிடும்.

உங்கள் மாப்பிள்ளை


பிப்ரவரி 8

மாப்பிள்ளைக்கு,

கமா என்றால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். தையல்காரம்மா சுண்ணாம்புக் கட்டியால் துணிமேல் வரைந்து காட்டினார். தலைப்பிரட்டை மாதிரி இருக்கிறது. இதைப் பார்த்தா உங்கள் மிஷின் மிரண்டு நின்றது? நான் ஃபோனில் சொல்லும்போது அப்படி ஒன்றைச் சொன்னதே இல்லை. வாயில் ஏது கமா? பன்னிரண்டாயிரத்து நானூற்று ஐம்பது என்று ஒரே மூச்சில்தான் சொன்னேன்.

அந்த நானூற்று ஐம்பதும் எங்கேயும் போய்விடவில்லை, பின்னால் நிற்கிறது என்று நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். அன்று தூங்கினேன். கனவில் ஏரி நடுவே ஒரு சின்ன வேலி. அதற்கு அந்தப் பக்கம் பறவைகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. ஒன்றுகூடக் கோபமாக இல்லை.

ஆனால் யாருக்கும் தெரியாமல் என்று எழுதினீர்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. தாள் எல்லாருக்கும் போயிருக்கிறது. நீரைக் கெட்ட நீர் என்று எழுத்தில் போட்டாகிவிட்டது. எண் மாறியது என்றால் ஏன் மாறியது என்று எவனாவது கேட்பான். அந்தக் கிழவன் மருமகனைப் பிடித்து மாற்றிவிட்டான் என்றுதான் பேசுவார்கள். என் ஏரி ஒன்றுதானா? ஆயிரம் தாண்டிய ஏரி எல்லாம் இப்படித்தானே கிடக்கும்? அங்கெல்லாம் எண்ணுகிறவர்களுக்கு மாப்பிள்ளை இருக்கிறாரா?

மேலதிகாரியிடம் சொல்லிவிட்டீர்களா?

அவளுடைய அப்பா


பிப்ரவரி 13

மாமாவுக்கு,

இன்னும் சொல்லவில்லை. அவர் வெளியூரில் இருந்தார். வந்துவிட்டார். இரண்டு நாளாக அவர் அறைக் கதவு வரை போய்த் திரும்புகிறேன். சொன்னால் இந்த வேலையில் என்னை வைத்துக்கொள்ள மாட்டார்கள். அவளிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

கமாவை அழித்ததும் உங்கள் ஏரி திரும்ப வந்தது. திரையில் 12 இருந்த இடத்தில் 12450 வந்து நின்றபோது, ஒரு கூட்டம் சட்டென்று தண்ணீரில் இறங்கியது போல இருந்தது. ஆனால் பழைய பதிவேட்டில் வேறு சிக்கல். ஆரம்பத்தில் பதினொரு வருஷம் எழுதிய குமாஸ்தா கமா போடுவதில்லை. புள்ளி வைக்கிறார். அதோடு நீரின் ஆழத்தையும் பறவைக் கணக்கையும் தலைப்பு இல்லாமல் ஒரே கட்டத்தில் எழுதுகிறார், ஒரு நாள் இது முன்னால், ஒரு நாள் அது முன்னால். 3.100 என்று ஒன்று, 3.200 என்று ஒன்று. எது மூன்று மீட்டர் ஆழம், எது மூவாயிரம் பறவை? புள்ளியை எல்லாம் அழித்தால் ஏரி மூவாயிரம் மீட்டர் ஆழமாகிவிடும். அழிக்காவிட்டால் மூன்றே பறவை, அதற்கு மேல் ஒரு கால்.

இப்படிப் பிரிக்க முடியாத நாட்கள் நாற்பத்தொன்று. தேதிகளைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். கேட்க எனக்கு வாய் இல்லை. உங்களுக்கு நினைவிருக்குமா?

உங்கள் மாப்பிள்ளை


பிப்ரவரி 17

மாப்பிள்ளைக்கு,

எழுதி வைக்கத் தெரியாதவன் மறக்கவும் முடியாது.

அந்தக் குமாஸ்தா மூக்கடைப்புக்காரர். நான் சொல்வதை அவர் திரும்பச் சொல்லும்போது தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கேட்கும். தையல்காரம்மா தேதியைப் படிக்கப் படிக்க, நான் கண்ணை மூடிக்கொண்டு கோபுரத்தில் ஏறினேன். மூன்றாவது வருஷம் டிசம்பர் ஆறு, மூவாயிரத்து இருநூறு. அன்று ஏரிக்கு மேலே இன்னொரு ஏரி கிடந்தது, அவ்வளவு பனி. ஐந்தாவது வருஷம் நவம்பர் முப்பது, மூவாயிரத்து நூறு. வடக்கு மூலையில் செத்த மரத்தின் கிளை முழுக்க உட்கார்ந்து, மரம் மறுபடி இலை விட்டது போல இருந்தது. ஏழாவது வருஷம் ஜனவரி இரண்டு, மூவாயிரத்து எழுநூறு. ஒன்பதாவது படியில் வழுக்கி முட்டியைப் பெயர்த்துக்கொண்ட நாள். நாற்பத்தொன்றும் தனித் தாளில் இருக்கிறது. நடுவில் தையல்காரம்மாவின் இஸ்திரிப்பெட்டி யாருடைய கால்சட்டையையோ கருக்கிவிட்டது.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். எழுதுகிறவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறார். எழுதம்மா என்கிறேன்.

இருபத்துமூன்றாவது வருஷம் நவம்பர் ஒன்பது முதல் பதினேழு வரை. ஒன்பது நாள். நான் கோபுரத்தில் ஏறவில்லை. அவள் உங்களோடு கிளம்பிப் போனது எட்டாம் தேதி. நான் வாசலுக்கு வராமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன், அது உங்களுக்குத் தெரியும். அதற்கப்புறம் ஒன்பது நாள் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தேன் என்பது தெரியாது. காலை ஏழு மணியானால் படுத்தபடியே ஃபோனை எடுத்து ஒரு எண்ணைச் சொல்லுவேன். மனம் போனபடி சொன்னதில்லை. அரைத் தூக்கத்தில் ஏரி தெரியும், பறவை தெரியும், நகத்தை நீட்டுவேன், பொத்தான்கூட நகரும். ஆனால் அது கனவு.

மேசையில் நீங்கள் கேட்டீர்களே, கனவில் எண்ணினீர்களா என்று. அது பொய்யாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுச் சாப்பிட்டிருப்பேன். நீங்கள் சொன்னது நிஜம். அதனால்தான் தட்டைத் தள்ளினேன்.

இது தெரிந்தால் மற்ற எல்லா நாளையும் சந்தேகப்படுவார்கள். ஏரியும் போகலாம். இருந்தாலும் அந்த ஒன்பதை அழித்துவிடுங்கள். இல்லாத பறவையை வைத்துக்கொண்டு, இருக்கிற பறவைக்காக நான் எப்படி வாதாடுவது?

அவளுடைய அப்பா


பிப்ரவரி 21

மாமாவுக்கு,

கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். முதல் பக்கத்தைச் சிரித்துக்கொண்டே படித்தாள். இரண்டாவது பக்கத்தில் நின்றுவிட்டாள். "ஒன்பது நாளா அப்பா எழுந்திரிக்கலயா? நான் அவர் கதவைச் சாத்திக்கிட்டார்னுல்ல நினைச்சேன்" என்றாள். "நீயாவது ஒரு தடவை ஃபோன் பண்ணிக் கேட்டிருக்கலாமே" என்றேன். "ஏதோ ஒரு நாள் அவரே ஃபோன் பண்ணுவார்னு எட்டு வருஷமா பாத்துக்கிட்டிருந்தேன். தினம் காலையில ஃபோன் எடுக்கிற ஆள்தானே" என்றாள். 

உங்கள் ஏரியின் மதகுக்காரர் தனியாக ஆழப் பதிவேடு ஒன்று வைத்திருப்பது தெரிந்து, அதை வரவழைத்து ஒப்பிட்டேன். நீங்கள் சொன்ன நாற்பத்தொன்றும் சரி. ஒன்றுகூடப் பிசகவில்லை.

பிறகு அந்த ஒன்பது கட்டங்களையும் அழித்தேன். அழித்த உடனே ஒன்பதிலும் பூஜ்யம் வந்து உட்கார்ந்துகொண்டது. எழுத்து எதுவும் இல்லாத கட்டத்தை எண்ணாக்கச் சொன்னால், என் வரி அதைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்கிறது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூஜ்யம் என்றால் போனேன், பார்த்தேன், ஒரு பறவையும் இல்லை என்று அர்த்தம். அதுவும் பொய்தானே. அந்த ஒன்பது நாளும் பறவைகள் வந்திருக்கும், பார்க்கத்தான் ஆள் இல்லை. ஒன்றும் இல்லை என்பதும் தெரியாது என்பதும் வேறு வேறு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லித் தர ஒரு முழு நாள் ஆயிற்று. இப்போது அந்த இடங்கள் வெறுமையாக இருக்கின்றன.

அதை முடித்துக்கொண்டு நேராக மேலதிகாரியின் அறைக்குப் போனேன். உங்கள் ஒன்பது நாளையும் என்னுடைய ஒரு வரியையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "மிஷின்தான் கத்தல. நீங்களாவது கத்தியிருக்கலாமே" என்றார். நாளையிலிருந்து இந்த வேலை வேறொருவரிடம் போகிறது. எனக்கு வேறு பிரிவில் ஏதாவது தருவார்களா என்று இன்னும் சொல்லவில்லை. தாள் கூட்டத்துக்குப் போகும். அவர்கள் எதை நம்புவார்கள் என்று எனக்குத் தெரியாது.

அவள் உங்களுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள். நான் படிக்கவில்லை. இதோடு வருகிறது.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 9

மாப்பிள்ளைக்கு,

ஏரி பட்டியலில் இருக்கிறது. என் ஏரி மட்டும் இல்லை, மொத்தம் பதினோரு ஏரி பிழைத்ததாம். உங்கள் தாளைக் கூட்டத்தில் சத்தமாகப் படித்தார்களாம். ஃபோனில் பேசுகிற இப்போதைய குமாஸ்தா சொன்னார். ஒன்பது நாளை அவனே வந்து சொல்லுகிறான் என்றால் மற்ற நாளை நம்பலாம் என்று ஒருவர் பேசினாராம். அவர் யார் என்று எனக்குத் தெரியாது. நன்றாக இருக்கட்டும்.

ஆனால் எண்ணுகிற வேலையில் இனி நான் வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னவன்தானே, நியாயம்தான். கோபுரத்துக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள். மூன்று காலில் நிற்கிற தூரக்கண்ணாடி வைத்திருக்கிறாள். முதல் நாள் கீழே என்னைப் பார்த்து, "தாத்தா, இன்னிக்கு எவ்வளவு இருக்கும்? சும்மா ஒரு குத்துமதிப்பா" என்று கேட்டாள். "நீ ஏறிப் பாரும்மா" என்றேன். வாயில் ஒரு எண் வந்து நின்றது. விழுங்கிவிட்டேன்.

உங்கள் வேலை என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். என்னால் போனது என்று சொல்ல மாட்டீர்கள். எனக்குத் தெரியும்.

அவள் கடிதம் தலையணைக்குக் கீழே இருக்கிறது. தையல்காரம்மா கை நீட்டினார், கொடுக்கவில்லை. அதைப் பிரிப்பது அவளாகத்தான் இருக்க வேண்டும். அவளே வந்து படித்துக் காட்டட்டும்.

நேற்றுக் காலை பழக்கத்தில் எழுந்துவிட்டேன். படி ஏறாமல் கரையிலேயே உட்கார்ந்தேன். பையில் பொத்தான் இல்லை, கையை நீட்ட வேண்டியதில்லை. பனி மெல்ல விலகியது. அப்போதுதான் கேட்டேன். ஒன்று கூப்பிடுகிறது, ஒன்று அதட்டுகிறது, குஞ்சு மாதிரி ஒன்று சிணுங்குகிறது, ஆயிரம் சிறகு ஒரே நேரத்தில் தண்ணீரை அடிக்கிறது. கரையே அதிர்ந்தது. முப்பத்தொரு வருஷமும் இது என் காதில் விழுந்திருக்கும். எண்ணை விட்டுவிடக் கூடாதே என்று உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்ததில், இவை இவ்வளவு பேசும் என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

அப்பா